ஏழாம் நம்பர் மலைக்குக் காய்ச்சல்

மாசி மாதத்து மூன்றாம் செவ்வாய்க்கிழமை காலை எட்டேகால் மணிக்கு வெள்ளிப்பீலித் தோட்டத்தின் ஏழாம் நம்பர் மலைக்குக் காய்ச்சல் கண்டது. முதலில் அறிந்தவள் கொழுந்து பறிக்கப் போன இராக்காயி. வெறுங்காலோடு செடி நிரையில் ஏறி நின்றவள் "ஆத்தாடி, சுடுது" என்று காலைத் தூக்கினாள். வெயில்தான் என்றார் கங்காணி. வெயிலே இல்லை, பனி இன்னும் செடிமேல் உட்கார்ந்திருந்தது. இராக்காயி ஐந்து பிள்ளை வளர்த்தவள். கூடையை இறக்கிவைத்துவிட்டுக் குனிந்து புறங்கையை மண்ணில் வைத்துப் பார்த்தாள், கொஞ்சம் மேலே ஏறி இன்னோர் இடத்தில் வைத்துப் பார்த்தாள், பிறகு நிமிர்ந்து, பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பற்றிச் சொல்கிற குரலில் சொன்னாள்: "மலைக்குக் காச்சலுங்க கங்காணி. நல்ல காச்சல்."

தேயிலைத் தோட்டத்தில் மலை என்றால் வானத்தை முட்டுகிற மலை அல்ல. வேலைக்காக எண் போட்டு வைத்த ஒவ்வொரு தேயிலைச் சரிவும் அங்கே ஒரு மலைதான், வெள்ளிப்பீலியில் அப்படிப் பதினான்கு. அவற்றில் ஏழாம் நம்பருக்கு மட்டும் தனி மரியாதை, ஏனென்றால் அதன் அடிவயிற்றில் கசிகிற ஊற்றைத்தான் மூங்கில் குழாய் வைத்துப் பீலியாக இறக்கியிருந்தார்கள். எட்டு லயத்து வரிசை வீடுகளின் எண்பது குடும்பமும் குடித்தது, குளித்தது, சமைத்தது, பிறந்த பிள்ளையை நனைத்தது, செத்தவர்களைக் கழுவியது எல்லாம் அந்தத் தண்ணீரில். ஆகவே மலைக்குக் காய்ச்சல் என்று சேதி லயங்களுக்கு இறங்கியபோது, மலைக்கு எப்படிக் காய்ச்சல் வரும் என்று ஒரு ஆளும் கேட்கவில்லை. எத்தனை நாளாக, வாந்தி உண்டா, தூங்கியதா என்றுதான் கேட்டார்கள்.

தோட்டத்து டிஸ்பென்சரியின் டாக்டரய்யா தெர்மாமீட்டரோடு வந்தார். அவர் உண்மையில் டாக்டர் இல்லை, ஆனால் முப்பது வருடமாக எல்லோரும் அப்படிக் கூப்பிட்டதில் அவரே நம்பிவிட்டிருந்தார். தெர்மாமீட்டரை மண்ணுக்குள் செருகி, கைக்கடிகாரத்தைப் பார்த்து, எடுத்து உதறி, "நூத்தி ரெண்டு" என்றார். வேலைக்கு வர முடியாத தொழிலாளிக்கு அவர் எழுதித் தருகிற சுகமில்லாத் துண்டை எடுத்து, நோயாளியின் பெயர் ஏழாம் நம்பர் மலை, வயது சுமார் நூற்று முப்பது, ஓய்வு இரண்டு கிழமை, அதாவது பதினான்கு நாள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, தோட்டத்தை நடத்துகிற துரைக்கு அனுப்பினார். துரை அதைப் படித்து, பேனாவை எடுத்து, நோயாளி பறிப்புக்கு ஒத்துழைக்க வேண்டும் என்று அடியில் எழுதித் திருப்பி அனுப்பினார். மனிதருக்கு வருகிற துண்டுக்கும் அவர் எழுதுகிற பதில் அதுதான்.

பிறகு பார்க்க வருகிறவர்கள் தொடங்கினார்கள். வெறுங்கையோடு நோயாளியைப் பார்க்கக் கூடாது என்பதால் பாண் ரொட்டியும் பிஸ்கட்டும் தோடம்பழமும் கொண்டுவந்து மலையடியில் வைத்தார்கள், கொத்தமல்லித் தண்ணீரை ஆற்றிச் செடி வேரில் ஊற்றினார்கள், கொழுந்துச் சாக்குகளைப் பீலியில் நனைத்துச் சரிவு முழுக்க விரித்தார்கள், அவை ஆவி விட்டுக் காய்ந்ததும் மறுபடி நனைத்தார்கள். இது வெறும் காய்ச்சல் இல்லை, அம்மா இறங்கியிருக்கிறாள் என்று மாரியம்மன் கோயில் பூசாரி சொல்லவே, அம்மை கண்ட வீட்டில் தாளிக்கக் கூடாது என்ற முறைப்படி எட்டு லயத்திலும் தாளிப்பு நின்றது. ஒரு மாதம் முழுக்க வெள்ளிப்பீலியில் கடுகு வெடிக்கவில்லை. புருசன்மார் முகத்தைச் சுளித்துக்கொண்டு வெறும் பருப்பைத் தின்றார்கள், காலையில் ஒருவரையொருவர் பார்த்ததும் "எப்புடி இருக்கு?" என்று கேட்டு, "நேத்தைக்கு இன்னைக்குத் தேவல" என்று பதில் சொல்லிக்கொண்டார்கள். தேவலையாக இல்லை. ராத்திரி குளிரில் மலை நடுங்கி, விடிந்து பார்த்தால் சின்னக் கற்கள் உருண்டு வந்து லயத்து வாசலில் கிடக்கும்.

இதெல்லாம் திலகேஸ்வரிக்கு மற்றவர்கள் பிற்பாடு சொல்லித் தெரிந்தது. காய்ச்சல் கண்ட அன்று அவள் அறுபது மைல் தள்ளி, தேயிலையையும் மண்ணையும் தண்ணீரையும் சோதிக்கிற ஓர் ஆய்வுகூடத்தில் வெள்ளை மேலங்கியோடு வேறொரு தோட்டத்து மண்ணைச் சலித்துக்கொண்டிருந்தாள். அவள் வெள்ளிப்பீலியின் மூன்றாம் லயத்தில் பிறந்தவள். பதினோரு வயதில் டவுன் விடுதிப் பள்ளிக்குப் போனவள், அங்கிருந்து பல்கலைக்கழகம், அங்கிருந்து ஆய்வுகூடம் என்று போய், தோட்டத்துக்குத் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருகிற விருந்தாளியாகிவிட்டாள். அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். லயத்தில் அவளுக்கென்று இருந்தது அண்ணன் ராசலிங்கமும் அண்ணி புஷ்பமும்.

ராசலிங்கம் மருந்தடிக்கிறவன். பத்தொன்பது வருடமாக டாங்கியை முதுகில் மாட்டிக்கொண்டு பதினான்கு மலைக்கும் களை மருந்து அடித்தவன். கூட வேலை செய்கிறவர்கள் கேலியாக அவனை மலை வைத்தியர் என்பார்கள், அவனோ அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்த நாளில் அவன் மருந்தடிக்க மாட்டான், கோபத்தில் இருக்கிறவன் கையால் கொடுக்கிற மருந்து ஒட்டாது என்பான். செடி இடுக்கில் டாங்கியின் குழாயை நுழைக்கும் முன் "கொஞ்சம் கசக்கும், பொறுத்துக்க" என்று சொல்லிக் கொடுப்பவனை என்னவென்று சொல்ல. தன் வாழ்நாளில் அவன் செய்த ஒரே பெரிய காரியம் இந்த மலைகளை நோய் நொடி அண்டாமல் காத்ததுதான் என்று அவன் நம்பினான். அந்த நம்பிக்கைமேல் ஏறி நின்றுதான் அவன் தினமும் சோறு தின்றான், தூங்கினான், தங்கை படித்த படிப்பைப் பற்றிப் பெருமையாகப் பேசினான்: "நான் மலைக்கு வைத்தியம் பாக்குறேன், அவ மண்ணுக்குப் பாக்குறா. ரெண்டு பேருக்கும் ஒரே தொழிலு."

திலகேஸ்வரியை வெள்ளிப்பீலிக்கு அனுப்பியது நோய் அல்ல, வாசனை. காய்ச்சல் மலையின் கொழுந்தைக் காயவைத்து அரைத்து எடுத்த தேயிலையை டீமேக்கர் முதல் முறை ருசி பார்த்தபோது கரண்டி கையிலேயே நின்றுவிட்டது. அத்தனை வாசம். மல்லிகையும் பழுத்த பழமும் கலந்தாற்போல ஒன்று, குடித்து அரைமணி நேரம் கழித்தும் நாக்கில் இருந்தது. கொழும்பில் ருசி பார்க்கிறவர்கள் தொலைபேசியில் கூப்பிட்டு இது எந்த மலை என்று கேட்டார்கள். தேயிலையில் மருந்து வாடை வந்துவிடக் கூடாதென்று ஏழாம் நம்பருக்கு மருந்தடிப்பதை நிர்வாகம் உடனே நிறுத்தியது, இந்த மணம் எங்கிருந்து வருகிறது, மற்ற பதின்மூன்று மலைக்கும் இதை எப்படி வரவைப்பது என்று கண்டுபிடித்துத் தரும்படி ஆய்வுகூடத்துக்கு எழுதியது. அந்தத் தோட்டத்துப் பிள்ளை என்பதால் திலகேஸ்வரியை ஆய்வுகூடத்துப் பெரியவர் கூப்பிட்டு, போகும்போது ஒரு புத்தியும் சொன்னார்: "சனங்ககிட்ட கெமிஸ்ட்ரி பேசாதீங்க. அவங்களுக்குப் புரியிற சொல்லுல பேசுங்க."

அவள் மூன்று கிழமை வேலை செய்தாள். மண்ணைத் துளைத்து ஒரு முழம், இரண்டு முழம், மூன்று முழத்தில் எடுத்தாள், எடுத்த மண் கையில் சுட்டது. பீலித் தண்ணீரைப் போத்தல்களில் பிடித்தாள். கொழுந்தின் ஆவியைப் பிடித்து அடைத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பினாள். பதில் வந்தபோது அவள் அதை டிஸ்பென்சரி வாங்குப் பலகையில் உட்கார்ந்து படித்தாள், இரண்டு தடவை படித்தாள். மண் புளியைப் போலப் புளித்திருந்தது, வேர்கள் நுனியிலிருந்து வெந்திருந்தன, களைகொல்லி மூன்று முழத்துக்கும் கீழே இறங்கிப் பீலிவரை போயிருந்தது. மணத்துக்குக் காரணமான சேர்மங்கள் எல்லாம் செடியை வெட்டினால், வாட்டினால், பூச்சி கடித்தால் இலை விடுகிறவை. கொழும்புக்காரர்கள் நாக்கில் வைத்து மெச்சியது மலையின் முனகலை. அதைப் படித்ததிலிருந்து திலகேஸ்வரியால் தேத்தண்ணி குடிக்க முடியவில்லை. ஆனால் அழிந்துவிடவில்லை, காப்பாற்றலாம் என்றும் அந்தக் காகிதம் சொன்னது. களைகொல்லி ஒரு துளியும் படாமல் விட்டு, புளிப்பை முறிக்கிற டொலமைட் பொடியைச் சரிவு முழுக்கத் தூவினால் வைகாசி மழைக்கு மலை எழுந்துவிடும். நிர்வாகத்தோடு நான்கு நாள் மல்லுக்கட்டி, செத்த மலையில் வாசனைக் கொழுந்தும் வராது என்று புரியவைத்து, வியாழக்கிழமை ஒரு லொறி டொலமைட்டுக்கு அவள் சம்மதம் வாங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலடியில் எட்டு லயமும் கூடியது. திலகேஸ்வரி கல்லின்மேல் ஏறி நின்றாள். முன்னால் தன்னை இடுப்பில் தூக்கி வளர்த்த முகங்கள், பயந்துபோன முகங்கள். பெரியவர் சொன்ன புத்தி ஞாபகம் வந்தது. டொலமைட், அமிலம், களைகொல்லி என்ற சொற்களையெல்லாம் விழுங்கிவிட்டு, பீலித் தண்ணீரின் சேதியை லொறி வந்தபின் சொல்லலாம் என்று தள்ளிவைத்துவிட்டு, இதைவிட எளிமையாக யாரும் பேசியிருக்க முடியாது என்ற திருப்தியோடு பேசினாள்.

"பயப்படாதீங்க. நோய் என்னான்னு தெரிஞ்சுபோச்சு. மருந்து இருக்கு. நல்லா ஒரு தடவ மருந்து குடுத்தா மலை பொழைச்சிரும். வியாழக்கெழம லொறி வருது."

கூட்டம் அழுதது, கும்பிட்டது. இராக்காயி அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். அந்தக் கூட்டத்தில் ஒருவருக்காவது ஒரு கேள்வி வந்திருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும். வரவில்லை, ஏனென்றால் அவள் சொன்னது எல்லோருக்கும் புரிந்தது. வெள்ளிப்பீலியில் மனிதருக்குக் கொடுப்பது குளிசை. வயிற்றுவலிக்குக் குளிசை, தலைவலிக்குக் குளிசை, டாக்டரய்யா தருவது எல்லாம் குளிசை. மலைக்குக் கொடுப்பதுதான் மருந்து. மருந்து என்ற சொல்லுக்கு அங்கே ஒரே ஒரு பொருள், அது பல வருடமாக முதுகில் மாட்டும் டாங்கியில் இருந்தது. பதினோரு வயது வரைக்கும் திலகேஸ்வரியும் அப்படித்தான் சொன்னாள். விடுதியில் மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள் என்று குளிசையை மாத்திரையாக்கி, மருந்தை நோய் தீர்க்கிற மருந்தாக்கி, பழைய பொருளை அப்படியே மறந்துபோனாள்.

செவ்வாய்க்கிழமை விடிகிற நேரத்தில் ராசலிங்கம் மருந்துக் களஞ்சியத்தைத் திறந்தான். சாவி அவனிடம்தான் இருந்தது. காய்ச்சல் வந்த மலைக்கு மருந்தை நிறுத்திவிட்டார்களே என்று ஒரு மாதமாக அவன் மனம் அடித்துக்கொண்டிருந்தது, இப்போது படித்த தங்கையே மருந்து கொடு என்று சொல்லிவிட்டாள், களஞ்சியத்தில் மருந்து அடுக்கடுக்காக இருக்கும்போது நோயாளியை வியாழன்வரை எதற்குப் போட்டு வதைக்க வேண்டும். அவன் காலைப் பெரட்டில், அந்த ஆள் கணக்கெடுப்பில், பேர் பதியவில்லை, யாரிடமும் கூலி கேட்கவில்லை. நல்லா ஒரு தடவை என்று அவள் சொன்னதால் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு கலந்தான். பதினொரு டாங்கி. ஒவ்வொரு செடியாக, அடிவாரத்திலிருந்து உச்சிவரை, கொஞ்சம் கசக்கும் பொறுத்துக்க, கொஞ்சம் கசக்கும் பொறுத்துக்க என்று சொல்லிச் சொல்லி, மத்தியானத்துக்குள் முடித்தான்.

புதன்கிழமை காலையில் காய்ச்சல் இறங்கிவிட்டது.

டாக்டரய்யா தெர்மாமீட்டரைத் தூக்கிப்பிடித்துக்கொண்டு லயம் லயமாக ஓடினார். பூசாரி மணி அடித்தார். அம்மா இறங்கிப் போய்விட்டாள், இனித் தாளிக்கலாம் என்றதும் எண்பது அடுப்படியிலும் ஒரே நேரத்தில் கடுகு வெடித்தது, அந்தச் சத்தத்தையும் அந்த வாசனையையும் சொல்லி முடியாது, பெண்கள் கரண்டியோடு வெளியே வந்து சிரித்தார்கள். திலகேஸ்வரிக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை. லொறி நாளைக்குத்தானே வருகிறது என்று அவள் நின்றபோது, ராசலிங்கம் குளித்து விபூதி பூசி, முகமெல்லாம் சிரிப்பாக வந்தான்.

"தங்கச்சி, நீ சொன்ன மருந்த நான் நேத்தே குடுத்துட்டேன். வியாழக்கெழம வரைக்கும் அது தாங்காதுன்னு எனக்குத் தெரியும். ரெண்டு பங்கா குடுத்தேன், ஒரு செடி விடல."

அவள் தன் சொல் எந்த வழியாக நடந்து எங்கே போய்ச் சேர்ந்தது என்று ஒரே நொடியில் முழுக்கப் பார்த்தாள். அண்ணன் காத்துக்கொண்டு நின்றான், சின்ன வயதில் பரீட்சைத் தாளைக் கொண்டுவந்து அவள் அவன்முன் நின்றதுபோல. "அப்புடியாண்ணே" என்று மட்டும் சொன்னாள். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதற்குமேல் சொல்ல அவளால் முடியவில்லை.

அவள் மலைக்கு ஓடினாள். பத்து மணிக்கு மண் உடம்புச் சூட்டில் இருந்தது. மத்தியானம் எண்பதுக்கு இறங்கியது. சாயந்தரம் கை வைத்தால் சிலீரென்றது. வியாழக்கிழமை லொறி வந்து வெள்ளைப் பொடியை மலையடியில் கொட்டியபோது ஏழாம் நம்பர் முழுக்க விறைத்திருந்தது. தண்ணீர் ஊற்றினால் உறிஞ்சவில்லை, கல்லில் ஊற்றியதுபோல ஓடி இறங்கியது. இலைகள் அசையவில்லை, காற்றடித்தபோதும் அசையவில்லை. இராக்காயி புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, முந்தானையை எடுத்து வாயில் பொத்திக்கொண்டாள்.

மலை செத்தால் என்ன செய்ய வேண்டும் என்று யாருக்கும் முன்னே பின்னே தெரியாது, ஆனால் ஒரு சாவுக்கு என்ன செய்ய வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். தப்பு அடித்தார்கள், சங்கு ஊதினார்கள். மலையைத் தூக்க ஆளில்லாததால் ஊர்வலம் மலையைச் சுற்றிப் போனது. கோடித்துணி முழு மலைக்கும் காணாது என்பதால் ஆளுக்கொரு வெள்ளைத் துண்டு கிழித்து நிரைக்கு ஒரு செடியில் கட்டினார்கள். இராக்காயி ஒப்பாரி சொன்னாள்:

"பீலித் தண்ணி தந்தவரே – எங்க
பிஞ்சுக் கால சொமந்தவரே
தாகமின்னு நாங்க வந்தா – இனி
யாரு மடியத் தேடுறது?"

கொள்ளிக்கு உரியவன் யார் என்று பேச்சு எழுந்தது. மலைக்குச் சொந்தக்காரர் கொழும்பில் இருந்த கம்பெனி. தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் தொலைபேசியில் கூப்பிட்டுச் சேதி சொன்னார். அவர்கள் இனி அந்த மணம் வராதா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்கள். அப்போது ராசலிங்கம் முன்னால் வந்தான். "கடைசியா மருந்து குடுத்தவன் நான். நான் செய்யுறேன்" என்றான். அவன் தலையும் மீசையும் மழித்துக்கொண்டு, ஈர வேட்டியோடு கொள்ளிக்குடம் சுமந்து மலையடியைச் சுற்றி வந்தபோது, திலகேஸ்வரி பெண்கள் கூட்டத்தில் நின்று மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். படித்த பிள்ளைக்கு இத்தனை பாசமா என்று மற்றவர்கள் அவளைப் பிடித்துக்கொண்டார்கள்.

பீலியில் தண்ணீர் நூலாக வந்துகொண்டிருந்தது. அதைக் குடிக்க வேண்டாம் என்று அவள் சொன்னாள், ஏன் என்று விளக்கவும் ஆயத்தமாக இருந்தாள், தேவைப்படவில்லை. "செத்த வீட்டுத் தண்ணிய யாரு குடிப்பா?" என்று சொல்லிவிட்டுச் சனங்கள் குடத்தை எடுத்துக்கொண்டு இரண்டு மைல் தள்ளி ஓடைக்கு நடந்தார்கள். விஞ்ஞானம் பத்து வருடம் நோட்டீஸ் ஒட்டினாலும் செய்ய முடியாததைத் தீட்டு ஒரே நாளில் செய்தது.

பதினாறாம் நாள் கருமாதி முடிந்து வரும் வழியில் ராசலிங்கம் கேட்டான்.

"மருந்து சரியாத்தானே குடுத்தேன், தங்கச்சி?"

அவள் கைப்பையில் சோதனைக் காகிதம் இருந்தது. மொட்டைத் தலையோடு, கண்ணெல்லாம் உள்ளே போய், ஒரு பதிலுக்காக நடையை நிறுத்தி நின்ற அவனைப் பார்த்தாள்.

"சரியாத்தான் குடுத்தீங்கண்ணே. பிந்திப்போச்சு. அவ்வளவுதான்."

"பிந்தித்தான் போச்சு" என்று அவன் தலையாட்டினான். அன்று ராத்திரி அவன் நன்றாகத் தூங்கினான் என்று அண்ணி சொன்னாள். ஒரு பொய்க்கு இவ்வளவு நல்ல பலன் கிடைக்குமென்றால் சொன்னதில் தப்பில்லை என்று தேற்றிக்கொண்டு திலகேஸ்வரி ஆய்வுகூடத்துக்குத் திரும்பினாள்.

வைகாசி பிறந்து நாலாம் நாள் டாக்டரய்யாவிடமிருந்து அழைப்பு வந்தது. எட்டாம் நம்பர் மலைக்கு உடம்பு வெதுவெதுவென்று இருக்கிறது, தொண்ணூற்றொன்பதரை, நிர்வாகம் கொழுந்தை முகர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறது, சனங்கள் மறுபடி தாளிப்பை நிறுத்திவிட்டார்கள் என்றார். கடைசியாக ஒன்று சொன்னார்: "ஒங்க அண்ணன்தான் தைரியம் சொல்லிக்கிட்டு இருக்கான். போன தடவ மாதிரி பிந்த விடமாட்டேன், நாளைக்கே மருந்து குடுத்துடுறேன்னு."

அவள் முதல் பஸ்ஸைப் பிடித்தாள். மலைப்பாதை முழுக்க மழை. ஒவ்வொரு வளைவிலும் ஒரே கணக்குத்தான் அவளுக்கு: பொய்யை வைத்துக்கொண்டால் அண்ணன் பிழைப்பான், மலை சாகும். உண்மையைச் சொன்னால் மலை பிழைக்கும். மலை பிழைத்தது என்பதை இங்கேயே சொல்லிவிடலாம், எட்டாம் நம்பர் இன்றைக்கும் பச்சையாகத்தான் நிற்கிறது, அதன் தேயிலையில் சொல்லும்படி மணம் ஒன்றும் இல்லை.

மூன்றாம் லயத்து இஸ்தோப்பில், அந்தச் சின்ன முன்வாசலில், ராசலிங்கம் டாங்கியைத் துடைத்துக்கொண்டு இருந்தான். முடி அரை விரற்கடை வளர்ந்திருந்தது. அவளைக் கண்டதும் எழுந்தான்.

"வா வா. மழை விடட்டும்னுதான் இருக்கேன். இந்த வாட்டி ஆரம்பத்துலயே புடிச்சிட்டோம்."

"அண்ணே, அத எறக்கி வைங்க."

"ஏன்?"

"நான் சொன்ன மருந்து அது இல்லண்ணே. லொறியில வெள்ளப் பொடி வந்துச்சே, அதத்தான் சொன்னேன். நீங்க அடிக்கிறது மருந்தில்ல. நஞ்சு. காச்சல் வந்ததே அதுனாலதான்."

மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. ராசலிங்கம் துணியை மடித்தான். பிரித்தான். மறுபடி மடித்தான்.

"டின்னுல மண்டையோட்டுப் படம் போட்டிருக்கும்" என்றான். "அது களைக்குச் சொல்றதுன்னு நெனச்சேன்."

"தப்பு என்னோடதுண்ணே. இங்க பொறந்தவ நான். மருந்துன்னா இங்க என்னான்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும். அன்னைக்குக் கோயிலடியில அந்தச் சொல்ல நான் சொல்லியிருக்கக் கூடாது. அப்புறம் ஒங்ககிட்ட பொய்யும் சொன்னேன்."

அவன் அவளைக் குற்றம் சொல்லவில்லை. அவள் பேசியது அவனுக்குக் கேட்டதா என்றே தெரியவில்லை. விரல்களை மடக்கி ஏதோ எண்ணிக்கொண்டிருந்தான், பத்தொன்பது வரை எண்ணியிருக்கலாம்.

"பீலித் தண்ணியிலயும் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"எத்தன வருசமா?"

"தெரியலண்ணே. ரொம்ப நாளா இருக்கணும்."

அவன் திரும்பி வீட்டுக்குள் பார்த்தான். அடுப்படியில் புஷ்பம் ஏதோ பாத்திரத்தை உருட்டுகிற சத்தம் கேட்டது. குரலைத் தாழ்த்தினான்.

"புஷ்பத்துக்கு ரெண்டு வாட்டி வயித்துல தங்காமப் போச்சே. அது?"

உலகத்தில் எதைக் கேட்டாலும் இதைக் கேட்டிருக்கக் கூடாது.

"அண்ணே, அப்புடிச் சொல்ல முடியாது. எத்தனையோ காரணம் இருக்கும். அதுதான்னு காட்டுற சோதன எதுவும் இல்ல. இல்லன்னு காட்டுறதும் இல்ல. நிச்சயமா யாருக்கும் தெரியாது."

"நிச்சயமில்ல."

"நிச்சயமில்லண்ணே. அண்ணிக்கிட்ட சொல்லாதீங்க."

அவன் டாங்கியின் தோள்வாரைக் கழற்றிச் சுருட்டி, டாங்கியைச் சுவரோரமாக, யார் காலிலும் படாத இடமாகப் பார்த்துத் தள்ளி வைத்தான்.

"பதினோரு வருசமா அவ, தன் ஒடம்புதான் கோளாறு, தன் ராசிதான் கோளாறுன்னு சொல்லிக்கிட்டுத் திரியிறா. ஒரு வளைகாப்புக்குப் போறதில்ல. ஒரு புள்ளயத் தூக்குறதில்ல. அதுவும் நிச்சயமில்லாததுதானே, தங்கச்சி? அத அவ ஒத்தையா சொமக்குறா. இனி பாதிய நான் சொமக்குறேன்."

அவள் அவன் கையைப் பிடித்தாள். அவன் மெதுவாக விடுவித்துக்கொண்டு, பின்னால் போய் மழைத் தண்ணீரில் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவினான், துடைத்துக்கொண்டான், வாசலில் தலை குனிந்து உள்ளே போனான்.

"புஷ்பம்" என்று கூப்பிடுகிற சத்தம் கேட்டது. "இங்க கொஞ்சம் வா. ஒரு சேதி சொல்லணும்."

"இருங்க" என்றாள் அண்ணி அடுப்படியிலிருந்து, "தேத்தண்ணி கொதிக்குது. திலகாவுக்கும் ஊத்திக்கிட்டு வாறேன்."

ராசலிங்கம் இருந்தான்.